இந்தச் சுவர் யாருடையது? வேலூரின் தெரு ஓவியங்களைப் பார்க்க ஒரு வழி

தெரு ஓவியம் பார்க்க வேண்டும் என்று வேலூரில் யாரிடமாவது சொன்னால் சென்னைக்கு ரயில் ஏறச் சொல்வார்கள். கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் 2020ல் வரைந்த படங்கள், இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் முகப்பில் 2021ல் வந்த பெரிய பெரிய முகங்கள், இவைதான் நம் ஃபோன்களில் சுற்றியவை. பல மாடி உயரத்துக்கு ஒரு முகம் இருந்தால்தான் அது தெரு ஓவியம் என்று மனதில் பதிந்துவிட்டது. அந்த அளவுகோலோடு வேலூரைச் சுற்றினால் எதுவும் கண்ணில் படாது.

அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு நடந்து பாருங்கள். கோட்டையைத் தாண்டி ஆபீசர்ஸ் லைன் பக்கம் போனாலும், சத்துவாச்சாரிக்குள் நுழைந்தாலும், பாலாற்றைக் கடந்து விருதம்பட்டு, காட்பாடி என்று போனாலும் ஏதாவது ஒரு சுவர் பேசிக்கொண்டுதான் இருக்கும். கட்சி எழுத்து, பள்ளிக்கூடப் படங்கள், அம்பேத்கரின் நீல கோட், லாட்ஜ் வாசலில் வங்காள எழுத்து, ஊர் எல்லையில் முனீஸ்வரனின் உருட்டு விழி. எல்லாம் கையால் வரைந்தவை. எல்லாம் வெட்டவெளியில், காசு கேட்காமல் நிற்பவை.

இவற்றை ரசிக்கக் கலைப் படிப்பு வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் எண்ணம்: இந்தச் சுவர் யாருடையது? அது தெரிந்துவிட்டால் இதில் ஏன் இந்தப் படம், யார் சொல்லி வரைந்தது, எவ்வளவு நாள் தாங்கும், அடுத்தது எப்போது வரும் என்பது வரை ஊகித்துவிடலாம்.

மேல்நாட்டு கிராஃபிட்டி கேட்காமல் எடுத்துக்கொண்ட சுவரில் பிறந்தது. நியூயார்க்கில் ‘டாக்கி 183’ என்று ரயில் நிலையங்களில் எழுதிவந்த ஓர் இளைஞரைப் பற்றி 1971ல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. அது அவருடைய செல்லப் பெயரும் அவர் குடியிருந்த தெருவின் எண்ணும். தன் பெயரை ஊர் முழுக்க விதைப்பதுதான் அந்தக் கலைக்கு உயிர். வேலூரில் கதை வேறு. இங்கே வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. வரையச் சொன்னவர் பெயர்தான் பெரிதாக இருக்கும். சுவரை யாரிடமாவது கேட்டிருப்பார்கள், வாடகைக்கு எடுத்திருப்பார்கள், அல்லது முன்னாலேயே பிடித்திருப்பார்கள். ராத்திரியில் ஸ்ப்ரே டப்பாவோடு வரும் பையன்கள் இங்கேயும் இருக்கலாம். ஆனால் இந்த ஊரின் நிறத்தைத் தீர்மானிப்பது அவர்கள் இல்லை.

கட்சிச் சுவர்

கட்சி விளம்பரத்தைக் கலை என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் பார்க்காமல் விடுவது தமிழ்நாட்டின் மிகப் பெரிய கையெழுத்துக் கண்காட்சியை.

தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே வேலை தொடங்கிவிடும். நீளமான காம்பவுண்டு சுவர் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு முனையிலும் கட்சியின் பெயரையும் வருடத்தையும் எழுதி, நடுவில் அம்புக்குறி போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான், சுவர் பிடித்தாகிவிட்டது. மற்றக் கட்சிக்காரர்களும் பெரும்பாலும் அதை மதிக்கிறார்கள். சட்டம் என்று பார்த்தால் பொது இடங்களை எழுதியும் ஒட்டியும் கெடுப்பதைத் தடுக்க 1959லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. தெருவில் நடைமுறையில் இருப்பது இந்த எழுதாத ஒப்பந்தம்தான்.

தேர்தல் தேதி அறிவித்ததும் எல்லாம் தலைகீழாகும். தேர்தல் ஆணையத்தின் விதிப்படி அரசுக் கட்டடங்களின் சுவர் எழுத்தை 24 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும். பொதுச் சொத்துகளில் இருப்பதை 48 மணி நேரத்துக்குள்ளும், தனியார் சுவரில் விதியை மீறி எழுதியதை 72 மணி நேரத்துக்குள்ளும் அழிக்க வேண்டும். வாரக்கணக்கில் வரைந்தது மூன்று நாளில் வெள்ளையாகிவிடும். வேலூருக்கு இதில் ஒரு தனிக் கதையும் இருக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலில் இந்தத் தொகுதிக்கு மட்டும் ஏப்ரலில் நடக்கவேண்டிய வாக்குப்பதிவு ரத்தாகி, ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் நடந்தது. மற்ற ஊர்களில் முடிவே வந்து, ஆட்சியும் அமைந்த பிறகு இங்கே மறுபடி தேர்தல் காலம்.

சரி, அந்த எழுத்தில் என்ன பார்ப்பது? முதலில் சின்னத்தைப் பாருங்கள். உதயசூரியன் ஒன்றுதான், இரட்டை இலை ஒன்றுதான், மாம்பழம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு பெயின்டர் கையிலும் அது வேறாக வரும். மலை முகடு ஒருவருக்குக் கூராக விழும், இன்னொருவருக்கு உருண்டு வரும். கதிர்களை ஒருவர் ஸ்கேல் வைத்தது போல இழுப்பார், இன்னொருவர் நுனியில் மெலிந்து முடியும்படி ஒரே வீச்சில் இழுப்பார். இலையின் நடு நரம்பை இரண்டு பச்சைக்கு நடுவில் மஞ்சள் கோடாகப் போடுபவர் உண்டு. வெறும் வெள்ளையை விட்டுவைத்தே நரம்பாக்கிவிடுபவரும் உண்டு. ஒரே சின்னத்தை நாலைந்து தெருவில் பார்த்தபின் கை அடையாளம் தெரிய ஆரம்பிக்கும். பாகாயத்தில் பார்த்த அதே கை தொரப்பாடியிலும் எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் எழுத்து. பட்டை பிரஷ்ஷால் தமிழ் எழுதுவது லேசான வேலை இல்லை. நம் எழுத்துகளில் நேர்கோடு குறைவு, சுழியும் வளைவும் அதிகம். ‘ணை’, ‘ழு’, ‘ஞ்’ போன்றவற்றில் பிரஷ்ஷைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். கனமாகத் தொடங்கிய கோடு எங்கே மெலிய வேண்டும், எங்கே மறுபடி தடிக்க வேண்டும் என்று மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூலை நீலப் பொடியில் தோய்த்து, இரண்டு பக்கமும் பிடித்து, நடுவில் சுண்டி விட்டால் சுவரில் நேர்கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டு கோட்டுக்குள் முப்பது அடி நீளத்துக்கு ஒரு தலைவரின் பட்டப் பெயர்கள் அத்தனையும் அடங்க வேண்டும், கடைசி எழுத்து நெருக்கியடிக்கக் கூடாது. நல்ல பெயின்டர் கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடுவார். எழுத்துக்கு வலப் பக்கமும் கீழும் நிழல் கொடுத்து அதைச் சுவரிலிருந்து முன்னால் தள்ளி நிறுத்துவது இன்னொரு வித்தை. நிழல் எல்லா எழுத்திலும் ஒரே திசையில் விழுகிறதா என்று பார்த்தால் வேலையின் தரம் தெரிந்துவிடும்.

பெரிய முகங்களுக்குக் கட்டம் போட்டு வரைவார்கள். சின்ன புகைப்படத்தில் பென்சிலால் கட்டங்கள். சுவரில் அதே கணக்கில் பெரிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பார்த்து மாற்றுவது. சினிமா பேனர் வரைந்த காலத்திலிருந்து வரும் முறை இது. அந்தக் காலத்துக் கலைஞர்கள் வண்ணப் பொடியைத் தாங்களே குழைத்தார்கள். இப்போது டிஸ்டம்பரும் எமல்ஷனும் ஸ்டெயினர் டியூபும். முறை மட்டும் மாறவில்லை. வெயில் காய்ந்த சுவரில் சில சமயம் முகத்துக்கு அடியிலிருந்து அந்தக் கட்டங்கள் லேசாக எட்டிப் பார்க்கும். கிடைத்தால் விடாதீர்கள், பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

2000களில் ஃபிளக்ஸ் வந்தபோது இந்தக் கைகளுக்கு விழுந்தது பலமான அடி. கடை போர்டு, கல்யாண வாழ்த்து, திருவிழா வளைவு என்று பெயின்டர்கள் பிழைத்துவந்த வேலைகள் எல்லாம் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் போய்விட்டன. வடிவமைக்க ஒரு மணி நேரம், அச்சடிக்கச் சில நிமிடம். எத்தனையோ பேர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்கள், வேறு தொழிலுக்கும் போனார்கள். ஃபிளக்ஸால் பிடிக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று, சுவர். சொரசொரப்பான காம்பவுண்டில் நூறு அடி நீளத்துக்கு எழுத இன்றும் ஆள்தான் வேண்டும். கட்சிகள் இல்லாவிட்டால் வட ஆற்காட்டில் தமிழைப் பிரஷ்ஷால் எழுதத் தெரிந்த தலைமுறை எப்போதோ கலைந்துபோயிருக்கும். அரசியல் பிடிக்காதவர்களும் இதற்காக ஒரு நன்றி சொல்லலாம்.

பள்ளிச் சுவர், அரசுச் சுவர்

புதிய படங்கள் அதிகம் முளைப்பது அரசுப் பள்ளிகளில். பெரும்பாலும் கோடை விடுமுறையில் வேலை நடக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பார்க்கப் போனால் பெயின்ட் வாசனையே போயிருக்காது. முன்னாள் மாணவர்கள், பள்ளி மேலாண்மைக் குழு, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் என்று யாராவது செலவை ஏற்பார்கள்.

இவற்றுக்குப் பின்னால் ஒரு கல்விச் சிந்தனையும் இருக்கிறது. பள்ளிக் கட்டடத்தையே பாடக் கருவியாக மாற்றுவது என்ற யோசனை யுனிசெஃப் ஆதரவோடு இந்தியா முழுவதும் பரவியது. கதவு திறக்கும் இடத்தில் தரையில் கோணமானி வரைவது, படிக்கட்டில் எண்களை எழுதுவது, தூணில் உயரம் பார்க்க அளவுகோல் போடுவது. கதவைத் திறந்தால் 30 பாகை, 60 பாகை, 90 பாகை என்று குழந்தை காலடியிலேயே பார்க்கும். வெளிச் சுவரில் தேசியத் தலைவர்களும் சூரியக் குடும்பமும் மட்டும் தெரிந்தால், அனுமதி கேட்டு உள்ளே ஒருமுறை எட்டிப் பாருங்கள். நல்ல வேலை பல சமயம் உள்ளேதான் இருக்கும்.

அரசுச் சுவர்களின் கதை கொஞ்சம் வேறு. தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபர் 2ல் தொடங்கியது. 2016லிருந்து நகரங்களுக்குத் தூய்மைத் தரவரிசை வந்தது. அதே 2016ல் வேலூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. நாடு முழுவதும் குப்பை கொட்டும் மூலைகளையும் சிறுநீர் கழிக்கும் சுவர்களையும் படம் வரைந்து காப்பாற்றுவது என்று ஒரு பழக்கம் உருவானது அந்தக் காலத்தில்தான். சென்னை மாநகராட்சி அதற்கும் முன்னாலேயே, போஸ்டர்களை ஒழிக்க, அண்ணா சாலைச் சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையவைத்திருந்தது.

நோக்கம் நல்லதுதான். பலனைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனத்தாங்கல். எந்த ஊருக்குப் போனாலும் அதே மயில், அதே மரம், அதே கைகூப்பும் பெண், அதே மக்கும் குப்பை, மக்காத குப்பை. டெண்டரில் சதுர அடிக் கணக்கு இருக்கிறது, ஊர்க் கணக்கு இல்லை. வேலூருக்கென்று வரைய விஷயம் இல்லையா என்ன? 1806 ஜூலை 10 விடியலில் கோட்டைக்குள் எழுந்த சிப்பாய்கள் இருக்கிறார்கள். மணல் மட்டும் ஓடும் பாலாறு இருக்கிறது. கரிகிரி மண்பாண்டம் இருக்கிறது. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள் கத்திரிக்காய் இருக்கிறது. சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளையில் முகம் முழுக்க வண்ணம் பூசிக் காளியாக வருபவர்களை விடவா ஒரு பெயின்டருக்கு நல்ல மாதிரி கிடைக்கப்போகிறது? மயில் வரைந்த சுவரிலும்கூட ஓரத்தில், யாரும் சொல்லாமல், வரைந்தவர் தன் இஷ்டத்துக்கு ஏதாவது சேர்த்திருப்பார். பனைமரத்துக்குக் கீழே ஒரு நாய், பின்னணியில் நம்முடைய மொட்டைப் பாறை மலை. முதலில் அந்த ஓரங்களைப் பாருங்கள்.

நீலச் சுவர்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தலித் மக்கள் வாழும் காலனிகளுக்குள் போனால் சுவர்கள் நீலமாகும். நீல கோட், சிவப்பு டை, மூக்குக் கண்ணாடி, ஒரு கையில் புத்தகம், மறு கை விரல் நீட்டி முன்னால் வழிகாட்டும். பக்கத்தில் பல இடங்களில் புத்தர்.

இந்த மண்ணில் அதற்கு ஆழமான வேர் இருக்கிறது. அம்பேத்கர் வழி வந்த ரிபப்ளிகன் கட்சி வட ஆற்காட்டில் நெடுங்காலம் செயல்பட்டது. அந்தக் கட்சிக் கொடியின் நிறம் நீலம். 1989ல் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது ஒரு பாதிக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றும், வேலூர் இருந்த பாதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும் பெயர் வைத்தார்கள். சில வருடங்களில் அந்தப் பெயர் போய் வேலூர் மாவட்டம் ஆனது. 2019ல் அதுவும் மூன்றானது. அரசுப் பலகைகளிலிருந்து போன பெயர் சுவர்களில் நிற்கிறது.

இந்தப் படங்களை ஊர் முழுக்கப் பார்க்கும் சிலைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அம்பேத்கர் சிலைகள் பலவற்றைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு இருக்கிறது. சேதப்படுத்திவிடுவார்கள், கலவரம் வரும் என்று பயந்து போட்ட கூண்டு. சுவர்ப் படத்துக்குக் கூண்டு போட முடியாது. அது தெருவின் கண்காணிப்பில், குழந்தைகள் பந்து அடிக்கும் உயரத்தில், திறந்தபடி நிற்கிறது. வருடா வருடம் அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14க்கு முன்னால் அதற்குப் புது வண்ணம் அடிக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். காசு போட்டுப் பெயின்டரை அழைக்கும் தெருவும் உண்டு, தாங்களே வரைந்துகொள்ளும் தெருவும் உண்டு. தாங்களே வரைந்ததில் முகம் கொஞ்சம் கோணலாக வரலாம். எனக்கு அவைதான் பிடிக்கும். கேட்டு வாங்கிய சுவர், பிடித்துவைத்த சுவர் என்று பார்த்துவந்த நமக்கு இது வேறு வகை: சொந்தச் சுவரில் சொந்தக்காரர்களே வரைந்துகொண்ட படம்.

அந்நிய எழுத்துகள்

சி.எம்.சி. மருத்துவமனையை ஒட்டிய தெருக்களில் நடந்தால் தமிழ்நாட்டில் வேறெங்கும் இந்த அளவுக்குப் பார்க்க முடியாத ஒன்று கண்ணில் படும்: வங்காள எழுத்து. ஐடா ஸ்கடர் 1900ல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த சிகிச்சை இடம் இன்று மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகளை இழுக்கிறது. காந்தி ரோடு, பாபுராவ் தெரு, தோட்டப்பாளையம் பக்கம் லாட்ஜ்களும் மெஸ்களும் மருந்துக்கடைகளும் அவர்கள் மொழியில் எழுதிவைக்கின்றன. பெரும்பகுதி இப்போது ஃபிளக்ஸ்தான். கையால் எழுதியது கிடைத்தால் நின்று பாருங்கள். வங்காள எழுத்துக்கு மேலே ஒரு கோடு ஓடும். எழுத்துகள் அதிலிருந்து தொங்கும். தமிழ் எழுதிப் பழகிய கை அந்தக் கோட்டுக்குக் கீழேயும் தமிழ்ச் சுழியைக் கொண்டுவந்துவிடும். மொழி தெரியாமல், எழுத்தைப் படமாகப் பார்த்து வரைவதன் அழகு அதில் இருக்கிறது.

உருதும் அப்படித்தான். வேலூர் நகரத்தின் பழைய முஸ்லிம் தெருக்கள், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று போனால் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துகள் வரும். எழுத்தழகைத் தனிக் கலையாகப் பயின்ற மரபு அது. மசூதி நுழைவாயிலில் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தும், பக்கத்துக் கறிக்கடைச் சுவரில் அதே எழுத்து அவசரமாகவும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் முதலாவதில் இருக்கும் உழைப்பு புரியும்.

தொடக் கூடாத சுவர்கள்

தெரு ஓவியத்தை நேசிக்கிறேன் என்பதற்காக எல்லாக் கிறுக்கலையும் ஏற்றுக்கொள்ள முடியாது. வேலூர்க் கோட்டை மதிலிலும் மண்டபத் தூண்களிலும் ஆணியால் கீறிய பெயர்களும் இதயக் குறிகளும் எனக்குக் கோபத்தைத்தான் தருகின்றன. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2010ல் சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். சுவரில் பெயின்ட் அடித்தால் அழிக்கலாம். கருங்கல்லில் கீறியதை அழிக்கக் கல்லையே தேய்க்க வேண்டும்.

பாறை எழுத்தும் அதே வகை. நம் பக்கத்து மலைகள் மொட்டைப் பாறைகள், நெடுஞ்சாலையிலிருந்து நன்றாகத் தெரிபவை. அதனால் வேத வசனமும் கட்சிப் பெயரும் விளம்பரமும் சுண்ணாம்பிலும் எனாமலிலும் ஏறிவிடுகின்றன. இந்த மலைகளில் எது வெறும் பாறை, எது ஆயிரம் வருடத்து ஆவணம் என்று பிரஷ் பிடித்தவருக்குத் தெரிவதில்லை. காட்பாடியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் வள்ளிமலையில் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்களும் கல்வெட்டும் இருக்கின்றன. ஆற்காட்டுக்குப் பக்கத்தில் பஞ்சபாண்டவர் மலையிலும் சமணத் தடயங்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் மலையாம்பட்டு ஊரில் அர்மாமலைக் குகையின் விதானத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்கள் இருக்கின்றன. பாறைமேல் சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து அதன்மேல் வரைந்தவை. பெரும்பகுதி சிதைந்துவிட்டது, மிச்சம் இருப்பதில் தாமரையும் கொடியும் தெரியும். சித்தன்னவாசலைப் பற்றிப் பேசும்போது பக்கத்தில் வைத்துப் பேச வேண்டிய ஓவியம் பழைய வேலூர் மாவட்டத்து எல்லைக்குள் இத்தனை அமைதியாக இருப்பது எனக்கு ஆறாத குறை.

பழைய வட ஆற்காட்டில் பாதையோரக் கலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, மாடுகளைக் காக்கச் செத்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதிவைத்திருக்கிறது. ஊருக்காகச் செய்த காரியத்தை ஊர் போகிற வழியில், எல்லோரும் படிக்கும்படி நிறுத்துவது இந்த மண்ணில் ஆயிரத்து நானூறு வருடப் பழக்கம். இன்று காலனிச் சுவரில் ஒரு முகத்தை வரைந்து கீழே பெயரும் தேதியும் எழுதுபவர்களை அந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

எப்போது, எப்படிப் பார்ப்பது

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போங்கள். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், சாய்ந்து விழும் காலை வெளிச்சத்தில் சுவரின் மேடு பள்ளம் தெரியும். புதிய வெள்ளைக்கு அடியில் பழைய எழுத்தின் விளிம்பு தடித்து நிற்பது அப்போதுதான் கண்ணில் படும். சில சுவர்களில் மூன்று தேர்தல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

படத்தின் வயதை நிறத்தை வைத்துக் கணிக்கலாம். வெயிலில் முதலில் சாவது பெரும்பாலும் மலிவான சிவப்பும் மஞ்சளும். நீலமும் கறுப்பும் நின்று தாங்கும். அதனால்தான் பழைய கட்சிக் கொடிகளில் சிவப்பு வெளிறி, கறுப்பு மட்டும் மிஞ்சி நிற்கும். பழைய பள்ளிச் சுவரில் காந்தியும் நேருவும் நீலம் பாரித்து இருப்பார்கள். காவிக்கல் போல மண்ணிலிருந்து எடுத்த செம்மை மட்டும் விதிவிலக்கு, அது மங்காது. கோயில் மதிலின் காவிப் பட்டை அத்தனை வருடம் தாங்குவது அதனால்தான். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உரிந்து உப்பு பூத்திருந்தால், கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். நல்ல பெயின்டர் அதைத் தெரிந்துகொண்டு படத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி, கீழே வெறும் பட்டை அடித்து விட்டிருப்பார்.

போட்டோ எடுத்தால் படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். பக்கத்துக் கதவு, மின்கம்பம், தெருப் பெயர்ப்பலகை ஏதாவது ஒன்று ஃபிரேமுக்குள் வரட்டும். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் மூலையில் ஏதாவது ‘ஆர்ட்ஸ்’ பெயரும் செல் நம்பரும் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். நம் பெயின்டர்கள் போடும் கையொப்பம் அதுதான். அழைத்துப் பேசினால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள், அடுத்து எங்கே சாரம் கட்டப்போகிறோம் என்பது உட்பட. கடை ஷட்டரில் வரைந்ததைப் பார்க்கக் கடை மூடியிருக்க வேண்டும், ஆகவே லாங் பஜார் பக்கம் ஞாயிற்றுக்கிழமை. முஸ்லிம் தெருக்களில் வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரம்.

அடுத்து வரப்போகும் சுவர்களையும் இப்போதே கவனிக்க வேண்டும். காட்பாடி ரயில் நிலையத்தைப் புதுப்பிக்க 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். வேலை முடியும்போது நீளநீளமான புதுச் சுவர்கள் நிற்கும். இந்த முறை சுவர் ரயில்வேயுடையது. பீகாரின் மதுபனி நிலையத்தில் 2017ல் உள்ளூர்க் கலைஞர்களே வந்து தங்கள் மரபில் நிலையம் முழுக்க வரைந்தார்கள். ரயில்வே இடம் கொடுத்ததால் அது நடந்தது. காட்பாடியில் இறங்கும் கொல்கத்தாக்காரருக்கும், காலேஜில் சேர வரும் ஆந்திர மாணவருக்கும், ஊர் திரும்பும் ராணுவ வீரருக்கும் முதலில் தெரியப்போவது அந்தச் சுவர்கள்தான். டெண்டர் எழுதும்போதே, கட்சிச் சுவரில் முப்பது அடிக்குப் பிசகாமல் எழுதும் நம் பெயின்டர்களின் பெயரையும், மயானக் கொள்ளையையும், கோவிவனையும் அதிகாரிகள் காதில் போட்டுவைக்க வேண்டும். சுவர் எழும்பி, ப்ரைமர் அடித்த பிறகு போய்க் கேட்டால் மயிலுக்குத்தான் இடம் இருக்கும்.